பம்புசெட் தொட்டித் தண்ணீர் 24 கெல்வின் குறைவாகத் தெரிகிறது: தவறு உருவகத்திலா, அளவுத்திருத்தத்திலா?

பாகூர்ப்பக்கம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் முதுநிலை இயற்பியல் படிக்கும் மாணவன். ஆய்வேட்டுக்காக 11 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு சிறிய நுண்ணலை ரேடியோமீட்டரை, அதாவது பொருள்கள் தாமாக உமிழும் நுண்ணலையை அளக்கும் கருவியை, அமைத்திருக்கிறேன். மண்ணின் ஈரத்தையும் நீர்ப்பரப்பையும் தொலைவிலிருந்து அளப்பதற்கான அடிப்படைகளைக் கையால் செய்து கற்றுக்கொள்வதே நோக்கம். டிஷ் ஆன்டெனாவில் வரும் சாதாரண யுனிவர்சல் எல்என்பி (குறிகையைப் பெருக்கித் தாழ்ந்த அலைவெண்ணுக்கு மாற்றும் பகுதி) ஒன்றின் வாயில் தகரத்தில் செய்த ஹார்ன் என்னும் புனல் ஆன்டெனாவைப் பொருத்தியிருக்கிறேன். அதன் கற்றை அகலம் ஏறத்தாழ 20 பாகை. எல்என்பியின் உள் அலையியற்றி 9.75 கிகாஹெர்ட்ஸ் என்பதால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் கணினியில் செருகும் வாங்கியை 1250 மெகாஹெர்ட்ஸில் வைத்து 11 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கிறேன். பட்டை அகலம் 2 மெகாஹெர்ட்ஸ். 18 வோல்ட் கொடுத்துக் கிடைமட்டத் தளவிளைவை (மின்புலம் கிடைமட்டமாக அதிரும் அலையை) மட்டும் எடுக்கிறேன். தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதல் இரண்டு வாரங்கள் அதை அணைக்காமலே அளந்து வீணடித்தேன்.

அளவுத்திருத்தத்துக்கு இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டேன். சூடான புள்ளி, ஹார்னின் வாயை முழுவதும் மூடும் கரிநுரை உறிஞ்சி. அதனுள் செருகிய வெப்பமானி 31 பாகை செல்சியஸ், அதாவது 304 கெல்வின் காட்டியது. குளிர்ந்த புள்ளி, மேகமற்ற வானின் உச்சி. ஆக்சிஜனையும் நம் கடற்கரையின் நீராவியையும் கணக்கில் எடுத்து நான் எழுதிய வளிமண்டல உருவகம் (கணித மாதிரி) வான் உச்சிக்கு 9 கெல்வின் தருகிறது. விண்வெளிப் பின்னணிக் கதிர்வீச்சின் 2.7 கெல்வினும் அதில் அடக்கம்.

சோதனைக்காகப் பாகூரில் என் மாமாவின் நிலத்திலுள்ள பம்புசெட் தொட்டியைப் பார்த்தேன். தொட்டி 3 மீட்டர் சதுரம். மோட்டாரை நிறுத்தி, நீர் அசைவற்று நின்ற பிறகு, செங்குத்திலிருந்து 40 பாகை சாய்த்து வடக்கு நோக்கி அளந்தேன். நீரின் வெப்பநிலை 30 பாகை. ஃபிரெனெல் சமன்பாட்டின்படி கிடைமட்டத் தளவிளைவில் உமிழ்திறன் 0.305, எதிரொளிக்கும் வானத்தையும் சேர்த்தால் ஒளிர்வு வெப்பநிலை (வந்து சேரும் நுண்ணலைத் திறனை வெப்பநிலையாகச் சொல்வது) 100 கெல்வின் வரவேண்டும். எனக்குக் கிடைப்பதோ 76 கெல்வின். மூன்று நாட்கள் மாலையில் அளந்தும் ஓரிரு கெல்வினுக்கு மேல் வேறுபாடு இல்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. சூடான புள்ளிக்கும் குளிர்ந்த புள்ளிக்குமான திறன் விகிதம் 3.2, அதிலிருந்து வாங்கியின் இரைச்சல் வெப்பநிலை (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 125 கெல்வின் என்று வருகிறது. எல்என்பியின் அட்டையில் இரைச்சல் எண் 0.1 டெசிபெல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது வெறும் 7 கெல்வின். அட்டையை நான் நம்பவில்லைதான், ஆனாலும் இவ்வளவு வேறுபாடா? நீரின் மின்காப்பு மாறிலியைத் தவறாக எடுத்துவிட்டேனா என்று நான்கு நாட்களாக அந்த உருவகத்தையே திருத்திக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கெடிலக்கரை

தம்பி, நீரின் மின்காப்பு மாறிலியைத் தொடாதீர்கள். அது சரியாகவே இருக்கிறது. நான் கடலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேபிள் நிலையங்களுக்கு டிஷ் நிறுத்திக்கொடுத்தவன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு உறுத்தியது "வானின் உச்சி" என்ற இரண்டு சொற்கள்தாம்.

நாம் இருப்பது ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதால், நம் தீர்க்கரேகைக்கு அருகிலுள்ளவை நமக்குத் தெற்கே, உச்சியிலிருந்து வெறும் 14 பாகை விலகலில் இருக்கும். வீடுகளுக்கு நேரடித் தொலைக்காட்சி அனுப்பும் 83 பாகை கிழக்கு இருப்பிடம் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேதான். நம் ஊர் மாடிகளில் டிஷ்கள் இப்படி அண்ணாந்து கிடப்பதன் காரணமும் அதுதான். நீங்கள் பின்பற்றிய செய்முறை அநேகமாக ஐரோப்பியர் யாரோ எழுதியதாக இருக்கும். 50 பாகை அட்சத்தில் இருப்பவருக்குச் செயற்கைக்கோள் வரிசை அடிவானத்திலிருந்து 30 பாகைக்குச் சற்று மேலே தாழ்வாகக் கிடக்கும். அவர் உச்சியைப் பார்த்தால் உண்மையிலேயே வெறும் வானத்தைப் பார்க்கிறார். அதே சொல்லை இங்கே கடைப்பிடித்தால், 20 பாகைக் கற்றையின் ஓரத்தில் ஒளிபரப்புச் செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு அதைக் குளிர்ந்த வானம் என்று எழுதிவிடுவீர்கள்.

எவ்வளவு சூடு ஏறும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒரு தடத்தை அனுப்பும் பகுதி) 52 டெசிபெல்-வாட் அளவில் 36 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் அனுப்புகிறது என்று கொள்ளுங்கள். 36,000 கிலோமீட்டர் கடந்து, உங்கள் ஹார்னின் மையத்திலிருந்து 14 பாகை விலகி அது விழும்போது, ஆன்டெனா வெப்பநிலையில் சுமார் 20 கெல்வினைக் கூட்டும். அதே அலைவரிசையில் பக்கத்து இருப்பிடத்திலிருந்து இன்னொன்றும் வந்தால் 30ஐத் தாண்டுவது எளிது.

இப்போது உங்கள் எண்களையே திருப்பிப் போடுவோம். தண்ணீர் உண்மையில் 100 கெல்வின் என்றால், அது 76 என்று தெரிவதற்குக் குளிர்ந்த புள்ளி எவ்வளவாக இருந்திருக்க வேண்டும்? இரு புள்ளிக் கோட்டை எழுதித் தீர்த்தால் 40 கெல்வின் வருகிறது. அந்த 40ஐ வைத்து இரைச்சல் வெப்பநிலையை மறுபடி கணக்கிடுங்கள்: 304இலிருந்து 3.2 மடங்கு 40ஐக் கழித்து 2.2ஆல் வகுத்தால் 80 கெல்வின், அதாவது இரைச்சல் எண் ஒரு டெசிபெல் சொச்சம். சந்தையில் கிடைக்கும் எல்என்பிக்கு அது நடக்கக்கூடிய எண்தான். அட்டையில் போட்டிருக்கும் 0.1 விற்பனைக்கானது. நீங்கள் இரண்டு குறைகள் என்று எழுதியவை ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஹார்னை உச்சியில் வைத்து 950 முதல் 1700 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்கியை ஓட்டிப் பாருங்கள். வெறும் வானமாக இருந்தால் தரை தட்டையாக இருக்கும். டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தால் வரிசையாக மேடுகள் தெரியும். பிறகு வடக்கே 50 பாகை உயரத்துக்குத் திருப்புங்கள். அங்கிருந்து செயற்கைக்கோள் வரிசை 54 பாகை தள்ளிப் போய்விடும். வளிமண்டலத் தடிமன் 1.3 மடங்காவதால் உங்கள் உருவகம் 9க்குப் பதில் 11 கெல்வினுக்கு அருகில் தரும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை மரங்கள் கற்றைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பளம்

கெடிலக்கரை ஐயா கண்டுபிடித்ததே முதன்மையான காரணம் என்று நானும் கருதுகிறேன். ஆனால் அவர் போட்ட கணக்கில் ஒரு வளையம் இருக்கிறது. தண்ணீர் 100 கெல்வின் என்று நம்பிக் குளிர்ந்த புள்ளியைத் திருத்தினால், பிறகு அந்தத் திருத்தத்தைக் கொண்டு தண்ணீரின் உருவகத்தைச் சோதிக்க முடியாது. காரணத்தை ஊகிக்க அந்தக் கணக்குப் போதும். ஆய்வேட்டில் அதை அளவுத்திருத்தமாக எழுதினால் தேர்வாளர் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

நான் செயற்கைக்கோள் ரேடியோமீட்டர் தரவுகளோடு சில காலம் வேலை பார்த்தவள். உங்களுக்கு நேர்ந்தது விண்வெளியிலும் நேர்வதுதான். பல கருவிகளில் 10.65 கிகாஹெர்ட்ஸ் தடம் உண்டு. ஐரோப்பாவைச் சுற்றிய கடற்பரப்பில் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் தொலைக்காட்சி ஒளிபரப்பு நீரில் எதிரொளித்து அந்தத் தடத்துக்குள் புகுவதால், அங்கே கடல் இல்லாத வெப்பத்தைக் காட்டும். மண் ஈரத்துக்காக 2009இல் ஏவப்பட்ட ஸ்மோஸ் செயற்கைக்கோள், எதையும் அனுப்பாமல் பெற மட்டும் செய்யும் செயலறு உணர்விகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 1.400 முதல் 1.427 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்கூடக் குறுக்கீட்டால் தவித்தது. அதைப் பார்த்த பிறகுதான் 2015இல் ஏவப்பட்ட ஸ்மாப், குறுக்கீட்டைக் கண்டுபிடித்து நீக்கும் எண்ணியல் பகுதியோடு சென்றது. வெப்ப இரைச்சல் காஸியப் பரவலில் இருக்கும், மனிதர் அனுப்பும் குறிகை பெரும்பாலும் அப்படி இருக்காது என்பதே அதன் அடிப்படைகளில் ஒன்று. உங்கள் மூல மாதிரிகளை வைத்துக் குர்ட்டோசிஸ் (பரவல் காஸியத்திலிருந்து விலகுவதைக் காட்டும் எண்) கணக்கிட்டால் இதை நீங்களும் முயலலாம். ஆனால் அடர்த்தியான எண்ணியல் தொலைக்காட்சிக் குறிகை இரைச்சலைப் போலவே நடிக்கும் என்பதால், அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக வானம் சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

உங்கள் உருவகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் உருவகம் என்று சொல்வது காட்சியின் உருவகம் மட்டுமே: வளிமண்டலம், நீர், உமிழ்திறன். கருவியின் உருவகம் அதில் இல்லை. தெரிந்த ஓர் ஒளிர்வு வெப்பநிலையை உள்ளே கொடுத்து, அதை ஆன்டெனாவின் முழுக் கற்றை வடிவத்தோடும் பெருக்கித் தொகுத்து, ஹார்னின் இழப்பைச் சேர்த்து, வாங்கியின் இரைச்சலையும் மெதுவாக நகரும் பெருக்கத்தையும் ஏற்றி, கடைசியில் எஸ்டிஆரின் 8 பிட் எண்களாக வெளியே எடுங்கள். பிறகு அந்தப் போலி எண்களின் மேல் உங்கள் அளவுத்திருத்த நிரலை ஓட்டி, உள்ளே கொடுத்த வெப்பநிலை திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இதை முதல் நாளிலேயே செய்திருந்தால், கற்றைக்குள் என்னென்ன விழுகின்றன என்று கேட்கும் கட்டாயம் வந்திருக்கும். செயற்கைக்கோள் வரிசை நிரலின் ஒரு வரியாகவே கண்ணில் பட்டிருக்கும்.

அந்தக் கருவி உருவகத்தில் எதற்கு எவ்வளவு எடை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறிஞ்சியைப் பார்க்கும்போது மொத்த வெப்பநிலை 384 கெல்வின். 2 மெகாஹெர்ட்ஸ் பட்டை, ஒரு வினாடிச் சராசரி என்றால் இரைச்சலின் சிதறல் 0.27 கெல்வின்தான். எல்லோரும் இந்த எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். எல்என்பியின் பெருக்கம் 0.05 டெசிபெல் நகர்ந்தாலே 4 கெல்வினுக்கு மேல் பிழை வரும். வெயிலில் நிற்கும் எல்என்பிக்கு 0.05 டெசிபெல் ஒரு பொருட்டே அல்ல. 1946இல் இயற்பியலாளர் டிக்கி, வாங்கியை ஆன்டெனாவுக்கும் ஓர் ஒப்பீட்டுப் பளுவுக்கும் (வெப்பநிலை தெரிந்த உறிஞ்சி) இடையே வேகமாக மாற்றிமாற்றி இணைத்தது இந்த நகர்வை வெல்லத்தான். உங்களால் அவ்வளவு வேகமாக மாற்ற முடியாது. ஆனால் உறிஞ்சியை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டும் என்பதை அளந்தே முடிவு செய்யலாம்: உறிஞ்சியை மூடியபடி இரண்டு மணி நேரம் பதிவு செய்து ஆலன் விலக்கத்தை (சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டக்கூட ஏற்ற இறக்கம் எவ்வளவு குறைகிறது என்பதை) வரையுங்கள், கோடு இறங்குவதை நிறுத்தும் இடத்தைவிடக் குறைந்த இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

உறிஞ்சியையும் ஐயத்தோடு பாருங்கள். நுரை வெப்பத்தைக் கடத்தாது. வெயில் பட்டால் முனைகள் 40 பாகையிலும் நீங்கள் வெப்பமானி செருகிய அடிப்பகுதி 31 பாகையிலும் இருக்கும். ரேடியோமீட்டர் பார்ப்பது முனைகளை. ஏஎம்எஸ்ஆர்-இ என்னும் செயற்கைக்கோள் ரேடியோமீட்டரின் சூடான பளுவில் வெப்பம் சீராகப் பரவாமல் போனதும், எஸ்எஸ்எம்ஐஎஸ் கருவியின் சூடான பளுவில் வெயில் புகுந்ததும் ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட வேண்டியிருந்தன. மோட்டார் அறையின் நிழலில் அரைமணி நேரம் வைத்த பிறகே அளங்கள். அதிகாலையில் அளப்பதாக இருந்தால் மார்கழிப் பனி ஹார்னின் பிளாஸ்டிக் மூடியில் படியும். அந்த மெல்லிய நீர்ப்படலமும் தன் பங்குக்கு உமிழும். முன்பகுதியில் 0.1 டெசிபெல் இழப்பு என்றாலே 7 கெல்வின் கூடுகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம்

வானத்தை ஊகிப்பதற்குப் பதிலாக நீர்ம நைட்ரஜனைப் பயன்படுத்தலாம். அது கிடைப்பதற்கரிய பொருள் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். மாடுகளுக்குச் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்யும் இடங்களில் உறைவிந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள். நான் அந்தத் துறையில் இருப்பவன். உங்கள் துறைத்தலைவரின் கடிதத்தோடு, நிரப்பித் தரும் முகவரிடம் முறையாகக் கேட்டு வாங்குங்கள். கால்நடை மருந்தகத்தின் கேனில் கை வைக்காதீர்கள்.

தடித்த தெர்மோகோல் பெட்டிக்குள் இன்னொரு உறிஞ்சித் துண்டை வைத்து, அது முழுவதும் ஊறும்படி ஊற்றினால் 77.4 கெல்வினில் ஒரு பளு கிடைக்கும். காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறினாலும் கொதிநிலை 0.1 கெல்வின்கூட மாறாது. ஆனால் திறந்து வைத்த நைட்ரஜனில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்துகொண்டே போகும், கொதிநிலையும் மெல்ல ஏறும்; ஆகவே ஊற்றியவுடன் அளந்து முடியுங்கள். நம் கடற்கரைக் காற்றில் பெட்டியின் விளிம்பெல்லாம் நிமிடங்களில் வெண்பனி பூத்துவிடும். மூடிய அறையில் செய்யாதீர்கள். மூச்சுத் திணறுவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கால் சட்டையும் அணியுங்கள். திறந்த செருப்போடு நிற்காமல், பாதத்தை முழுவதும் மூடும் காலணி அணியுங்கள்.

பாகூர்ப்பக்கம்

மூவருக்கும் என் நன்றி. ஐயா சொன்னபடி முதலில் உச்சியில் வைத்து அலைவரிசையை ஓட்டினேன். மேடுகள் வரிசையாக நின்றன. நான் பிடித்துவைத்திருந்த 1250 மெகாஹெர்ட்ஸ் ஒரு மேட்டின் நடு முதுகில் இருந்தது. நான்கு நாட்கள் நீரைக் குற்றம் சொன்னதை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

வடக்கே 50 பாகைக்குத் திருப்பி, சூரியன் மறைந்த பிறகு, உறிஞ்சியை மோட்டார் அறை நிழலில் வைத்து எடுத்து அளந்தேன். உறிஞ்சி 304, வானம் 11 கெல்வின் என்று கொண்டால் திறன் விகிதம் 4.1, இரைச்சல் வெப்பநிலை 84 கெல்வின், தொட்டித் தண்ணீர் 98 கெல்வின். மிச்சமுள்ள 2 கெல்வின் பக்கக் கற்றைகளில் தரை தெரிவதால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். உப்பளம் அம்மா சொன்ன வளையத்தில் மறுபடி விழாமல் இருக்க, நைட்ரஜன் கிடைத்த பிறகே அதை எழுதுவேன். கருவியின் உருவகத்தையும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆலன் விலக்கம் ஏழெட்டு நிமிடங்களிலேயே இறங்குவதை நிறுத்திவிட்டது.

இடையில் நானாக ஒரு முயற்சியும் செய்தேன். 10.68 முதல் 10.70 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை செயலறு உணர்விகளுக்கும் வானொலி வானியலுக்கும் ஒதுக்கப்பட்டது என்பதால், வாங்கியை 940 மெகாஹெர்ட்ஸில் வைத்து 10.69ஐப் பிடித்தால் செயற்கைக்கோள் தொல்லையே இராது என்று நினைத்தேன். அங்கே முன்னைவிட மோசமான, கூர்மையான மேடுகள். எல்என்பிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை அப்படியே நின்றன. இது எங்கிருந்து வருகிறது?

கெடிலக்கரை

மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தது நல்ல சோதனை, தம்பி. எல்என்பி செத்த பிறகும் நிற்கும் மேடு வானத்திலிருந்து வரவில்லை, கேபிள் வழியாக வருகிறது. 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை செல்போன் கோபுரங்கள் அனுப்பும் பட்டை. பாகூர் ஏரிக்கரைப் பக்கம் கோபுரம் ஒன்றாவது உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். கைபேசிகள் கோபுரத்துக்கு அனுப்புவது 890 முதல் 915 வரை. நடுவில் 915க்கும் 935க்கும் இடையே ஓர் இடைவெளி கிடக்கிறது. வாங்கியை 932.5இல் வையுங்கள், அது 10.6825 கிகாஹெர்ட்ஸ், ஒதுக்கப்பட்ட பட்டைக்குள்ளேதான் இருக்கிறது. 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இருபுறமும் ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் மிச்சம் இருக்கும். எல்என்பியின் அலையியற்றி வெயிலில் அதைவிட அதிகமாக நகர்கிறதா என்பதைத் தெரிந்த ஒரு டிரான்ஸ்பாண்டரின் விளிம்பை வைத்து முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டிஆரை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, கேபிள் நுழையும் இடத்தில் கனெக்டரின் உடலைத் தகரத்தோடு பற்றவைத்துவிடுங்கள். முறுக்கிச் சுற்றிய கேபிள் முனை எதுவும் இருக்கக் கூடாது.